பூட்டுக்கு அடங்காத கரிசனம்

வங்காளத் தலைநகரின் பாலிகஞ்சில் நான் குடியிருக்கும் பழைய கட்டடத்தில், அணைத்துவைத்த ஸ்விட்ச் அணைந்தே இருக்காது. பேய் வேலை இல்லை, அக்கம்பக்கத்தாரின் வேலை. மாடிப்படிக்குக் கீழே பொதுப் பெட்டி ஒன்று இருக்கிறது. தண்ணீர் பம்ப்புக்கும் மாடிப்படி விளக்குகளுக்கும் அங்கிருந்துதான் மின்சாரம். அதன் மெயின் ஸ்விட்ச் அணைந்திருப்பதைக் கண்டால், மீன் வாங்கப் போகிறவர்கூட, "ஐயோ, யாரோ போட மறந்துட்டாங்க" என்று போட்டுவிட்டுத்தான் போவார். நன்றியும் எதிர்பார்க்க மாட்டார். திருச்சியில் நான் வளர்ந்த தெருவில் அடுத்தவர் ஸ்விட்சை யாரும் தொட்டதில்லை. 'நமக்கெதுக்கு வம்பு' என்பது அங்கே எழுதாத சட்டம். மின்சாரத்தைப் பொறுத்தவரை அதைவிடச் சிறந்த விதியை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

தீ எச்சரிக்கை அலாரம் பொருத்தும் பொறியாளனாக இந்த ஊருக்கு வந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். அலாரத்துக்குள் ஓடுவது இருபத்துநான்கு வோல்ட், சாதுவான மின்சாரம். அதோடு பழகிய கை, அதே பெட்டிக்குள் வந்து சேரும் இருநூற்று முப்பது வோல்ட்டையும் சாது என்று நம்பிவிடும். தொழிலின் முதல் ஆபத்து இது. இரண்டாவதை இதே ஊரில், கார்டன் ரீச்சில் ஓர் அலுவலகத்தில் கற்றேன். விதிப்படி ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி வயரைப் பிடித்தேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அங்கே ஓர் எழுத்தர், ஃபியூஸ் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, எங்கிருந்தோ இன்னொன்றைத் தேடிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். தோள் எலும்பு கூடும்வரை மனிதர் மீன் குழம்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் சைவம் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து மீனை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் கொண்டுவந்தார். அவர்மேல் கோபப்பட எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பூட்டு வாங்கினேன். ஸ்விட்சை அணைத்துப் பூட்டு, சாவியைப் பையில் வை, தொடுவதற்கு முன் டெஸ்டரால் சோதித்துப் பார்: அன்றிலிருந்து என் வேதம் அவ்வளவுதான்.

இந்த மழைக்காலத்தில் பம்ப்பின் ஸ்விட்சைத் தொட்டவர்களுக்கெல்லாம் விரல் சுரீரென்றது. "கிச்சு ஹொபே நா," ஒன்றும் ஆகாது, என்றது கட்டடம். இது இந்த நகரத்தின் தாரக மந்திரம். நான் விடவில்லை. தெருவுக்கே மின்வேலை செய்யும் ஷ்யாமலை அழைத்தேன். என் வயதை நெருங்குகிறவன். மூன்று பெண்களில் கடைசிப் பெண்ணின் கல்யாணம் பாக்கி. மெயினை அணைத்து என் பூட்டை மாட்டினேன். அவன் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், எரியவில்லை. பெட்டியைத் திறந்து பழைய வயர்களை அவிழ்த்தான். பாதி வேலையில் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். அது தனி விதி, அதை எந்தப் பூட்டும் தடுக்காது.

அந்த இடைவெளியில் மூன்றாம் மாடி மாஷிமா இறங்கிவந்தாள். மாஷிமா என்றால் சித்தி. எண்பதைத் தாண்டிய அவள் இந்தக் கட்டடம் முழுவதற்கும் சித்தி. மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பம்ப் போட வந்தவள் பூட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சுந்தரம் பாபு, இது என்ன, நம்ம வீட்டுக்குள்ள பூட்டு?"

"ஷ்யாமல் வேலை செய்றான், மாஷிமா. யாரும் தெரியாம போட்டுடக் கூடாதுன்னுதான்."

"யாரும்னா யாரு? நாங்க என்ன திருடங்களா? இத்தனை வருஷம் எங்களோட இருந்துட்டு எங்களுக்கே பூட்டுப் போடுறே. மெட்ராஸ்ல அப்படித்தானா?"

"நீங்க நல்லவங்க, அதான் பயமா இருக்கு" என்று என் வங்காளத்தில் சொன்னேன். சமாதானமாகச் சொன்னதுதான். அவள் முகம் இன்னும் இறுகியது.

ஷ்யாமல் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். நேராக வெறும் வயரை நோக்கிக் கை நீட்டினான்.

"டெஸ்டர்" என்றேன்.

"இப்பதானே பாத்தேன், தாதா." இங்கே தாதா என்றால் அண்ணன், ஊரில் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். "பூட்டு உங்களுது, சாவி உங்க பையில. மின்சாரம் என்ன, சுவர் ஏறிக் குதிச்சா வரும்?"

"விட்டுட்டுப் போனா மறுபடி பாக்கணும். வை."

"ரிட்டயர் ஆனாலும் ஆபீசர்தான்" என்று மாஷிமாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, எனக்காக, ஒரு குழந்தைக்குச் செய்வதுபோல, டெஸ்டரை வைத்தான்.

டெஸ்டர் எரிந்தது.

மூவரும் அந்தச் சிறிய சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூட்டு தொங்கியபடியே இருந்தது. ஷ்யாமல் கையைப் பின்னுக்கு இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மேலிருந்து குரல் வந்தது. இரண்டாம் மாடி கோஷ் பாபு. "ஷ்யாமல்! லைட் வந்துச்சா? பாவம், இருட்டுல வேலை செய்றியேன்னு என் வீட்டுலேருந்து குடுத்திருக்கேன்!"

ஏறிப் பார்த்தேன். இரு முனையிலும் பிளக் உள்ள ஒரு வயர். பூஜைச் சரவிளக்குகளுக்காக அவரே செய்தது. ஒரு முனை அவர் வீட்டில், மறுமுனை மாடிப்படியின் பொது பிளக் பாயிண்டில். அங்கிருந்து மின்சாரம் தலைகீழாக நடந்து கீழே பெட்டிக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளத்து பல்ப் மட்டும் உயிரோடு இருந்தால் எரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். அதை மாற்றுவது எல்லோருடைய வேலை, ஆகவே யாரும் மாற்றவில்லை. வயரைப் பிடுங்கி ஒரு முனையை வெட்டினேன். விஷயம் புரிந்ததும் கோஷ் பாபு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஷ்யாமலே தண்ணீர் கேட்டு வாங்கிக்கொடுத்தான். மாடி ஏறிப் போன மாஷிமா திரும்பி வந்தாள். வேலை முடியும்வரை படியில் உட்கார்ந்து, ஏறி இறங்கியவர்களையெல்லாம், "எதையும் தொடாதே" என்று விரட்டினாள்.

சென்னையில் மகனின் அடுக்ககத்தில் ஒருமுறை அலாரம் அலறியது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. வெறும் கோளாறுதான், நானே போய்ப் பார்த்தேன். "இங்கயே வந்துடுங்கப்பா, தொந்தரவே இருக்காது" என்கிறான். உண்மைதான், இருக்காது.

கோஷ் பாபு இன்னொரு வயர் செய்வார். காளி பூஜை வருகிறதே. ஆகவே விதிப்படி பெட்டிமேல் அறிவிப்பு ஒட்டினேன்: 'இங்கே இரண்டு பக்கமிருந்து மின்சாரம் வருகிறது. ஒன்றை அணைத்தால் போதாது.' வங்காளத்தில், ஆங்கிலத்தில், கடைசியில் தமிழிலும்.

"தமிழ் யாருக்குங்க?" என்றாள் என் மனைவி. "இந்தக் கட்டடத்துல படிக்கத் தெரிஞ்சது நாம ரெண்டு பேருதானே?"

"நாமளும் இங்கதானே இருக்கோம்" என்றேன்.

பால் வாங்க இறங்கும்போதெல்லாம் அந்தக் கடைசித் தமிழ் வரியைத்தான் படிக்கிறேன். நானே எழுதியது, ஆனாலும் நின்று முழுவதும் படித்துவிட்டுத்தான் போகிறேன்.