ஐஸ் பார் பிளந்த மத்தியானம்

எண்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அம்மா இறந்துபோனாள். அண்ணன் வடக்கே ராணுவத்தில் இருந்தான். தந்தி கொடுத்தோம். நாளை மறுநாள் காலையில் வந்துவிடுவேன், முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று பதில் தந்தி வந்தது. உடனே ஐஸ் கம்பெனிக்கு ஆள் அனுப்பினோம்.

கம்பெனிக்காரர் தகரத் தொட்டியில் நாலு பார்களை அடுக்கி, உமியைக் கொட்டி, சாக்கால் மூடி, மேலே பலகை போட்டார். பலகையில் அம்மாவைக் கிடத்தினோம். போகும்போது அவர் என்னிடம் சொன்னார்: "சாக்கை எடுத்துராதீக டீச்சர். மேல தண்ணி தேங்குனா துணியால ஒத்தி எடுத்துருங்க. வெரிசலுக்குள்ள எறங்கிச்சுன்னா பொளந்துரும்."

"அண்ணன் வார வரைக்கும் தாங்குமா?"

"காத்துப் படாம பாத்துக்கிட்டா தாங்கும்."

நான் புவியியல் டீச்சர். வெப்பக்காற்று பட்டால் பனி கரையும் என்று கரும்பலகையில் படம் போட்டவள். ஆனால் மறுநாள் காலை அம்மாவின் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்ததும் என் புத்தி மழுங்கிவிட்டது. டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். குளிர்ச்சி மேலே ஏறட்டும் என்று சாக்கையும் விலக்கினேன். வீடு கொள்ளாத கூட்டம், வெளியே சித்திரை வெயில். ஃபேன் அந்த வெக்கையை எல்லாம் அள்ளி ஐஸ் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. பொறுப்பான மகள் என்று யாரோ பாராட்டக்கூடச் செய்தார்கள்.

மத்தியானம் படீர் என்று ஒரு சத்தம். பார் பிளந்து, பலகை சாய்ந்து, அம்மாவின் தலை ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. வேறு ஐஸ் கேட்டு ஓடினோம். கம்பெனியில் மெஷின் ரிப்பேர். பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இனிமே வைக்க ஏலாதுட்டி. எடுத்துருவோம்."

அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கியபோது வெறும் பலகைதான் கிடந்தது. சுடுகாட்டுச் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. அவன் அழுத அழுகையை நான் யாருக்கும் விவரிக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலானேன். அங்கே பள்ளி நூலகத்தில், தென்துருவத்துப் பனித்தட்டுகள் உடைவதைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன். நிலத்துப் பனி மெல்ல நழுவி வந்து, கடல்மேல் நீட்டிக்கொண்டு மிதக்கிறது. அடியில் வெதுவெதுப்பான கடல்நீர் அதை அரிக்கிறது. மேலே உருகிய தண்ணீர் குட்டைகளாகத் தேங்கி, விரிசலுக்குள் இறங்கி, தன் பாரத்தாலேயே அடிவரை பிளக்கிறது. தட்டு உடைந்துபோனால், அது முட்டுக்கொடுத்துத் தடுத்து வைத்திருந்த நிலத்துப் பனி வேகமாகக் கடலில் சரிகிறது. காற்றைச் சூடாக்குவது மனிதர்கள்தான் என்றும் எழுதியிருந்தது. பத்திரிகையை மூடிவிட்டேன்.

அதை வகுப்பில் சொன்னபோது ஒருத்தி எழுந்து, "காரணந்தான் தெரிஞ்சுபோச்சுல்ல டீச்சர், பொறவென்ன, நிறுத்திருவாங்க" என்றாள். தெரிந்தவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். உட்காரச் சொன்னேன்.

அந்தக் கோடையில் அண்ணன் லீவில் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து, அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் செத்த நேரம் தாங்கியிருக்கக் கூடாதா அந்த ஐஸு? என்னத்த கம்பெனி நடத்துதானுக" என்று திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன். அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அதே டேபிள் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.