பெயர் மட்டும் மிஞ்சிய கோப்புகள்

என் வேலை இயந்திரங்களைச் சாகடிப்பது. இதற்கு நயமான சொல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கம்ப்யூட்டர் தன் டிஸ்கில் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் ஒயரைப் பிடுங்குவேன். பிறகு அதை மறுபடி எழுப்பி, எழுதியதில் எது பிழைத்தது, எது போனது என்று பார்ப்பேன். எல்லாம் பிழைத்திருந்தால் இன்னொரு முறை பிடுங்குவேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கரண்டைத் துண்டிக்கும் பிளக்குகள் எல்லாம் வந்துவிட்டன. இருந்தும் எனக்குக் கையால் பிடுங்கத்தான் பிடிக்கும்.

டிஸ்கில் எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் மென்பொருளை ஃபைல் சிஸ்டம் என்பார்கள். புனேவில் இருந்த எங்கள் கம்பெனி சிறிய ஆபீஸ்களுக்கும் பட்டறைகளுக்கும் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் பெட்டிகளை விற்றது. அந்தப் பெட்டிக்குள் ஓடியது ஒரு ஓப்பன் சோர்ஸ் ஃபைல் சிஸ்டம். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது அது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். எல்லாரும் பார்க்கும் ஒரு மெயிலிங் லிஸ்ட்டுக்கு அது வரும். மற்றவர்கள் படித்துக் குறை சொல்வார்கள், என்னைப் போன்றவர்கள் சோதித்துப் பார்த்து எழுதுவோம். ஏற்பதா தள்ளுவதா என்று கடைசியில் தீர்மானிப்பவர் ஒருவர். அவரை மெயின்டெய்னர் என்போம். கடல் தாண்டி எங்கோ இருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவரே எழுதிய பேட்ச் ஒன்று வந்தது. எழுதும் வேகத்தைக் கூட்டுவதற்காக ஒரு காத்திருப்பை எடுத்துவிட்டிருந்தார். பழைய கோப்பின் மேல் புதியதைச் சேமிக்கும்போது, முதலில் புதிய கோப்பின் உள்ளடக்கம் டிஸ்கில் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய பெயரை அதற்குச் சூட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பழையதாவது முழுசாக இருக்கும். அவருடைய பேட்ச் பெயரை முதலில் சூட்டியது. உள்ளடக்கம் பின்னால் ஆற அமர வந்தது. அந்த இடைவெளியில் ஒயரைப் பிடுங்கினேன். கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை, அளவு பூஜ்யம். பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

எப்படிச் செய்தால் இது நடக்கிறது என்று விவரமாக லிஸ்ட்டில் எழுதினேன். பதில் அன்றே வந்தது. அதன் சாரம் இது: “மலிவான டிஸ்க்கை வாங்கி, அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதைச் சோதனை என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் மெயில்களைத் திறப்பதற்கு முன்னால் இனி யோசிப்பேன்.” அந்தப் பக்கம் என்றால் எந்த நாடு என்று எல்லாருக்கும் புரிந்தது. அந்த லிஸ்ட்டில் எழுதியது எதுவும் அழியாது. என் பெயரைத் தேடுகிற யாருக்கும் இன்றைக்கும் முதலில் கிடைப்பது அந்தப் பதில்தான்.

என் டீம் லீட் புனேவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தமிழில் ஹிந்தியும் மராத்தியும் பாதிக்குப் பாதி இருக்கும். மறுநாள் கேன்டீனில், எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பதிலை போனில் எடுத்து ஆங்கிலத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். சிரிப்பு அடங்கியதும் யாரோ என்னை ‘பிளக்வாலி’, அதாவது பிளக்குக்காரி, என்றார்கள். அன்றிலிருந்து அதுவே என் பெயரானது. மீட்டிங்கில்கூட, “பிளக்வாலி என்ன சொல்றா?” என்று கேட்பார்கள்.

நான் விலை கூடிய டிஸ்க்குகளில் செய்து பார்த்தேன். அங்கேயும் அதே பூஜ்யம். இரண்டாவது மெயில் எழுதினேன், பதில் வரவில்லை. பேட்ச் உள்ளே போனது. அதைச் சேர்த்த புது வெர்ஷனைப் பெட்டிகளில் ஏற்றுவது பற்றி மீட்டிங் நடந்தது. ஏற்றக் கூடாது என்று நான் சொன்னேன்.

“அரே, எழுதினவரே பரவாயில்லைன்னு சொல்லிட்டாரு. நீ அவரைவிடப் பெரிய ஆளா?” என்றார் லீட்.

“நான் பெரிய ஆள் இல்ல சார். ஒயரைப் பிடுங்கினா ஃபைல் போகுது. நீங்களே பிடுங்கிப் பாருங்க.”

“கஸ்டமர் யாரும் ஒயர் பிடுங்க மாட்டான். சோட் தோ, விட்டுத் தள்ளு.”

அந்த நேரத்தில் லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று ஆபீஸ் கூரையை உரசுவதுபோல் போனது. எல்லாரும் வழக்கம்போல் பேச்சை நிறுத்தினார்கள். சத்தம் ஓய்ந்தபோது லீட் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார். புது வெர்ஷன் பெட்டிகளில் ஏறியது.

ஒயரைக் கஸ்டமர் பிடுங்க வேண்டியதில்லை, மின்சார வாரியமே பிடுங்கும். எங்கள் ஊரில் வியாழக்கிழமை லைட் போகும் நாள். மழைக்கு முந்தின ஒரு வியாழக்கிழமை கசார்வாடியில் ஒரு பட்டறையில் அது நடந்தது. வண்டிக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன இரும்பு உதிரிகள் கடைந்து கொடுக்கும் பட்டறை. கடைசல் மெஷின்கள் கம்ப்யூட்டரில் ஓடுபவை. எந்த உதிரியை எப்படிக் கடைய வேண்டும் என்ற கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய கோப்பு. வருடக்கணக்காகச் சேர்த்தவை அத்தனையும் எங்கள் பெட்டியில் இருந்தன. மெஷின்களுக்குள் அன்றன்றைக்கு ஓடுவது மட்டும்தான் இருக்கும்.

லீட் என்னையும் காரில் அழைத்துப் போனார். “நீ டெக்னிக்கல் ஆள், கூட நில்லு, போதும்” என்றார்.

மும்பை பழைய ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை. மெஷின்கள் நின்றுபோய், ஆட்கள் வாசலில் புகையிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கண்ணாடி அறையில் முதலாளி இருந்தார். மராத்திக்காரர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டேயிருந்தார். ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், என் வயதுதான். பில் போடுவது, கோப்புகளைப் பெட்டியில் சேமிப்பது எல்லாம் அவள் வேலை. நான் லீட்டிடம் தமிழில் ஏதோ கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

“நீங்க தமிழா மேடம்?” என்றாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். “நாங்க தேஹு ரோடு. எங்க அப்பா மிலிட்டரி டிப்போல இருந்தாரு. இன்னா ஆச்சுன்னே தெரியல மேடம். தெனம் காலைல வந்ததும் ப்ரோகிராம் எல்லாத்தையும் பழசு மேலயே ஒரு வாட்டி சேவ் பண்ணுவேன். பண்ணிகினு இருக்கும்போதே லைட் போச்சு. எப்பவும் லேட்டாத்தான் போகும், அன்னிக்கி சீக்கிரம் போயிடுச்சு. லைட் வந்து பாத்தா எல்லாம் பேரு இருக்குது, உள்ள ஒண்ணுமில்ல.”

லீட் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூஜ்யம். என் மேஜையில் நான் பார்த்த அதே காட்சி. அவருக்கும் தெரிந்தது. அவர் பிடரி சிவந்தது. ஆனால் லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் சாதாரணமாக இருந்தது.

“சேட், உங்க யூபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருக்கு” என்று ஹிந்தியில் சொன்னார். “லைட் போனதும் பெட்டியும் பொசுக்குன்னு நின்னுடுச்சு. இது எங்க பக்கத்துத் தப்பு இல்ல.”

முதலாளி அந்தப் பெண் பக்கம் திரும்பினார். பேட்டரியைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று மராத்தியில் கேட்டார்.

“போன மாசமே சொன்னேன் சேட். அப்புறம் பாக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க” என்றாள் அவளும் மராத்தியில். குரல் கீழே இறங்கியிருந்தது.

அவர் அதைக் கேட்காததுபோல் நின்றார். நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், யூபிஎஸ் இல்லாவிட்டாலும் இப்படி நடக்கக் கூடாது, பழைய கோப்பாவது பத்திரமாக இருந்திருக்க வேண்டும், இது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் தப்பு, அதை ஏற்றுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும், இந்தப் பெண் செய்ததில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் பாதியில் நின்றுவிடும் என்ற பயத்தில்.

லீட் சிரித்தார். “மேடம் டெஸ்டர், சேட். இவங்களுக்கு வீட்டு ஃபேன் நின்னாலும் அதுல மென்பொருள் தப்பு தெரியும்.”

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்த மனிதர் முட்டாள் இல்லை. நான் சொன்னது அவருக்குப் புரிந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் என்னை நம்பினால் ஒரு கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டும். லீட்டை நம்பினால் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் போதும்.

“நாளையிலேர்ந்து வராதே” என்று அவளிடம் சொன்னார். கத்தவில்லை. டீ சொல்வதுபோல் சொன்னார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டிபன் டப்பா பைக்குள் போகாமல் மக்கர் செய்தது. நான் பின்னாலேயே போய், “நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல” என்றேன்.

“தெரியும்” என்றாள். இந்த முறை மேடம் இல்லை. “நீ பேசாம இருந்திருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பாரு. எத்தினி வாட்டி திட்டியிருக்காரு. பேட்டரி பத்தி அவராண்ட சொன்னேன்னு வெளியாளுங்க முன்னாடி தெரிஞ்சிடுச்சு, அது மேல நீ வேற என்னைத் தூக்கி வெச்சுப் பேசினே. இனி அவரு எப்படி என்னை வெச்சுக்குவாரு? யாரு உன்னைக் கேட்டா?”

வாசலில் இருந்த ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் ரோட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

திரும்பும் வழியில் தாபோடி பாலம் வரைக்கும் லீட் வேகமாக ஓட்டினார். சிக்னலில் நின்றதும் ஆரம்பித்தார். “நம்ம ஆளுன்னுதான் உன்னை டீம்ல எடுத்தேன். மராட்டிப் பசங்க எத்தனை பேர் லைன்ல இருந்தாங்க தெரியுமா? நல்லா செஞ்ச. திங்கள்கிழமைலேர்ந்து நீ இன்வாய்ஸ் சாஃப்ட்வேர் டீம். அங்க பிளக்கே கிடையாது, ஜாலியா இரு.” பச்சை விழுந்தது. அவர் பாட்டைப் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டில் என் பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பட்டறையின் அடையாளம் தெரியாமல், சிறிய கோப்புகள், மொத்தமாகச் சேமிப்பது, நடுவில் கரண்ட் போவது, எல்லாவற்றையும் வைத்து யாரும் ஓட்டிப் பார்க்கும்படி ஒரு சோதனை நிரலாக எழுதி லிஸ்ட்டுக்கு அனுப்பினேன். உண்மையான ஒரு தொழிலிடத்தில் இது நடந்துவிட்டது என்றும் எழுதினேன். புது மெயில் முகவரி. பெயர் பழையதுதான்.

மெயின்டெய்னரிடமிருந்து பதில் வந்தது. மிக மரியாதையான பதில். “அருமையான ரிப்போர்ட். என் இடத்திலும் அப்படியே நடக்கிறது. மோசமான பிழை. பேட்ச் உள்ளே போவதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.”

இதை நான் பலமுறை படித்தேன். கிண்டலா என்று பார்த்தேன். கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. என்னை எல்லார் முன்னாலும் மிதித்தது, போகிற போக்கில் ஒரு எறும்பை மிதித்ததுபோல் அவர் காலுக்குத் தெரியாமலே போயிருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

நான் ஒரு வார்த்தையும் சேர்க்காமல், என் முதல் மெயிலின் இணைப்பை மட்டும் பதிலாகப் போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. லிஸ்ட்டில் இருந்த வேறொருவர் சொன்னார்: “முடிந்துபோனதைக் கிளறி, நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் விவாதத்தைத் தனிப்பட்ட சண்டையாக்க வேண்டாம்.” அந்தக் கருத்தை மூன்று நான்கு பேர் ஆமோதித்தார்கள். என்னை ஆமோதித்து ஒருவரும் எழுதவில்லை.

திருத்தம் சில வரிகள்தான். எடுத்த காத்திருப்பைத் திரும்ப வைத்தார்கள். எங்கள் கம்பெனி அதைப் பெட்டிகளில் ஏற்றியது. லீட் கசார்வாடி முதலாளிக்குப் பெரிய பெட்டி ஒன்றையும், அதோடு சேர்த்து யூபிஎஸ் ஒன்றையும் விற்றார் என்று பழைய டீமில் ஒருவன் சொன்னான். முதலாளி கை குலுக்கி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். நான் சில மாதங்களில் வேலையை விட்டேன். இப்போது வேறொரு இடத்தில் இதே ஃபைல் சிஸ்டத்துக்கு வரும் பேட்ச்களைப் படித்துச் சொல்லும் வேலை. நன்றாகவே செய்கிறேன் என்கிறார்கள்.

வேலையை விடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் நம்பரைப் பட்டறை ஆள் ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இருப்பதாக நினைத்தேன். போனில் பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சாகன் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் நிற்பதாகச் சொன்னாள், நின்றுகொண்டே செய்யும் வேலை.

“அது மென்பொருள் தப்புதான்னு இப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க” என்றேன். “சரி பண்ணிட்டாங்க. உங்க மேல தப்பில்லன்னு எழுத்துலயே இருக்கு. வேணும்னா நான் சேட்கிட்ட வந்து காட்டறேன்.”

மெஷின் சத்தத்தை மீறிக் குரலை உயர்த்தினாள்.

“அந்த ஃபைலெல்லாம் திரும்பி வருமா?” என்று கேட்டாள்.

“இல்ல. அது வராது.”

“என் வேலை?”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அப்புறம் இன்னாத்துக்கு போன் பண்ணே?” என்றாள். யாரோ மராத்தியில் அவளைக் கூப்பிட்டார்கள். “ஆலே, ஆலே”, வந்துட்டேன் என்று அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனை வைத்தாள்.