இல்டாவின் எஞ்சினில் விளக்கெண்ணெய்

என் தங்கை இல்டா சுபிரியாவின் உடம்பில் உடையாத எலும்புகளைச் சொல்லிவிடுவது சுலபம். விலா, மூக்கு, கணுக்கால் எல்லாம் பந்தயத்தில் போனவை. சுண்டுவிரலை மட்டும் ஒருவன் கார்க் கதவில் வைத்து நசுக்கினான். அவனுக்கு முன்பல் இப்போது கிடையாது.

அசூல் ஊரில் அவளுக்குச் சொந்தப் பட்டறை; எல்லோரும் அவளை 'ஒல்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க அறுவடை லாரிகளைப் பழுது பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலத்து டோரினோ கூபே கார் ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டுவாள். நான் தடத்துச் சுவரோரம் நின்று நேரம் குறிப்பேன். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் என் கையில் இருக்கும் கடிகாரம் தப்பாது.

எண்ணெய் விஷயத்தில் அவள் யாரையும் நம்பமாட்டாள். முதல் எஞ்சினுக்கு, கடைக்காரன் பேச்சைக் கேட்டுப் புதுக் கார்களுக்கான விலை உயர்ந்த, மெல்லிய எண்ணெயை ஊற்றினாள். அதில் துத்தநாகம் குறைவு. பழைய எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் மேடுகள் இரும்போடு இரும்பாக உரசி ஓடும்; இடையில் காப்பது அந்தத் துத்தநாகம்தான். மேடுகள் மழுங்கின, உதிர்ந்த தூள் பேரிங்கை அரித்தது, பிஸ்டன் ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்து வெளியே வந்தது, கொதிக்கும் எண்ணெய் அவள் முழங்காலுக்குக் கீழே தோலை உரித்தது. இரண்டாவது எஞ்சின் நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியதால் இறுகி நின்றது. அதற்குப் பிறகு கனமான மினரல் எண்ணெய், துத்தநாகம் கூடுதலாக உள்ளது, அதுதான் என்று முடிவு செய்தாள். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தாள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

மூன்றாவது பிளாக்கை ஒரு பண்ணைக் கொட்டகையில் கண்டெடுத்தாள். இப்போது யாரும் அதை வார்ப்பதில்லை.

"இதுவும் உடைஞ்சா, நான் வண்டியை வித்துட்டு லாரியோடயே கிடப்பேன்க்கா" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

என் கணவர் டெல்ஃபோருக்கு விளக்கெண்ணெய் மணம் என்றால் உயிர். முந்தைய காலத்தில் பந்தயக் கார்களின் எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் பழைய கார்ப் பந்தயம் என்றால், சூடான புகைக்குழாயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு அந்தப் புகையை முகர்ந்து கண்கலங்குவார்கள். குழாயில் விட்டுக்கொள்ள இல்டா அனுமதித்திருந்தாள். அதற்கு மேல் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம், கரியில் வாட்டிய விலா இறைச்சியும் ஒயினும் முடிந்தபின், ஷெவ்ரோலே கார் ஓட்டும் பல்தோமேரோ இதுர்ரால்தே தடத்தோரம் இருந்த எங்கள் கொட்டகைக்கு வந்தான். போன பந்தயத்தில் அவளைச் சுவரில் தள்ளியவன் இவன்தான்.

"என்ன ஒல்லி, இன்னைக்குச் சுவரா, புல்லா? எங்க விழணும்னு சொல்லு, தள்ளிவிடறேன்."

"முன்னாடி வந்து கேளு. பின்னாடி வர்றவன் பேசறது எனக்குக் கேக்காது."

பந்தயம் தொடங்கியது. அவள் முன்னால், அவன் வாலில். மூன்று முறை இடித்தான். அவள் வழி விடவில்லை. நீண்ட வளைவிலிருந்து வெளியே வரும்போது அவள் எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு விழுந்ததைப் பார்த்துச் சாவியைத் திருப்பிவிட்டாள். பின்னால் அவன் வருகிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அணைத்தாள்.

அவன் முழு வேகத்தில் மோதினான். டோரினோ தலைகீழாகக் கவிழ்ந்து உருண்டு, சுவரில் அறைந்து, மறுபடி சக்கரத்தில் நின்றது.

இதுர்ரால்தே தன் வண்டியிலிருந்து இறங்கிக் கத்தினான். "நடு ரோட்டுல நிறுத்தறா! பொம்பள ஓட்டுனா இப்படித்தான்!"

டெல்ஃபோர் சுவரைத் தாண்டிக் குதித்து அவன் வாயிலேயே குத்தினார். அவனுடைய மச்சான்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். பாட்டில் உடைந்தது, என் கணவரின் காது கிழிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ஜாக்கிக் கம்பியால் ஒருவன் முட்டியில் போட்டேன்.

இல்டாவை சீட் வாரை அறுத்து வெளியே எடுத்தபோது வலது தோளருகே காறையெலும்பு தோலுக்குள் கூடாரம் போலத் தூக்கி நின்றது.

"அக்கா, வண்டியைத் தள்ளிட்டு வரச் சொல்லு. யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது."

"அம்மா, ஆஸ்பத்திரிக்கு வாங்க, எலும்பு தோலைக் கிழிச்சிட்டு வெளிய வந்துடும்" என்றான் ஆம்புலன்ஸ்காரன்.

"வரட்டும்."

கொட்டகையில் வண்டிக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்து, இடது கையால் எண்ணெய் வடிக்கும் அடைப்பைக் கழற்றினாள். எண்ணெய் திரிந்த பால்போல வந்தது. சம்ப்பை இறக்கினோம். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலையில் மஞ்சள் பிசின் அப்பியிருந்தது. ஒரு விரலில் எடுத்து முகர்ந்தாள்.

"அத்தான்."

டெல்ஃபோர் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"அரை பாட்டில்தான் ஒல்லி. குழாய்ல விட்டா உடனே புகையாப் போயிடுது. எஞ்சினுக்குள்ள விட்டா பந்தயம் பூரா மணக்குமேன்னு..."

"மினரலும் இதுவும் சேராது, பிரிஞ்சு பிசினாயிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அரை பாட்டிலுக்கு என்ன ஆயிடும்னு நெனச்சேன்."

எழுந்து நின்று, இடது கை முஷ்டியால் ஒரே குத்து. என் கணவரின் மூக்கு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் தடுக்கவில்லை. சண்டையை முடிக்க மச்சான்களோடு வாசலுக்கு வந்த இதுர்ரால்தே, தரையில் ரத்தத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வந்த வழியே போனான்.

அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு பேரிங் மூடியைக் கழற்றினேன். உலோகம் லேசாக மங்கியிருந்தது. கீறல் இல்லை. மூடியைத் திருப்பிப் பூட்டி, ஸ்பானரை வைத்து எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைத் திருப்பினேன். ஒரு முழுச் சுற்று, எங்கும் தடுக்காமல் வந்தது.

"இன்னொரு தடவை" என்றாள்.

மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகுதான் மயங்கி விழுந்தாள். வண்டியின் தகரம் முழுக்கக் கசங்கிக் கிடந்தது. தகரத்தை அடித்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பியபோது, மூக்கில் பிளாஸ்திரியோடு டெல்ஃபோர் பக்கத்தில் நின்றார்.

"சம்ப்பு, குழாய், வலை எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவுங்க அத்தான். ஆனா புது எண்ணெய் டின்னைத் தொட்டீங்கன்னா இன்னொரு காது போயிடும்."

"சரி ஒல்லி."

டின் எங்கள் கட்டிலுக்கு அடியில், பெட்டியில் பூட்டியிருக்கிறது. சாவியை நான் கழுத்தில் போட்டிருக்கிறேன்.