இட்லிப்பூச் செடிக்குப் போட்ட சாம்பல்

எங்கள் மைசூர் வீட்டுப் பின்பக்கத்தில் பலாமரத்தடியில் எதுவும் வளர்ந்ததில்லை. சருகும் நிழலுமாகக் கிடந்த அந்த இடத்தைத்தான் செடி வைக்க நங்கையா கேட்டார்.

நங்கையா என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்த பிறகு ராமாபுரத்தில் இருந்த விவசாயக் காட்டை விற்றுவிட்டு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அவரைப் பிடிக்காது. காரணம் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். என் சமையலறையில் அவர் என்னைவிட நன்றாகச் சமைத்தார். என் கணவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேறு காரணம் இல்லை.

செடி வாங்க நான்தான் நர்சரிக்குப் போனேன். குட்டை இட்லிப்பூ, வெட்சி என்றும் சொல்வார்கள். நம் பக்கத்துக் காட்டுச் செடிதான். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், அரை நிழலிலும் அடர்ந்து தரையை மூடிவிடும். ஆனால் அதற்குப் புளித்த மண், அதாவது அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். பலாச் சருகை அப்படியே மக்கவிட்டால் போதும் என்றார் நர்சரிக்காரர். பணம் கொடுக்கும்போது ஒரு தடவை, ஆட்டோவில் ஏறும்போது ஒரு தடவை, “பூதி, சுண்ணா ஹாக்பேடி அம்மா” என்று கன்னடத்தில் எச்சரித்தார். சாம்பலோ சுண்ணாம்போ பட்டால் இலை வெளுத்துவிடுமாம்.

பன்னிரண்டு செடிகளையும் நங்கையாவே நட்டார். மண் ஒட்டிய கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இது தழைஞ்சுதுன்னா எனக்கும் இந்த ஊட்டுல ஒரு எடம் இருக்குதுன்னு நெனச்சுக்கறேன் அம்மிணி.”

விளையாட்டுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. விளையாட்டில்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை, வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்து முறத்தில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கரண்ட் செலவு மிச்சமாகட்டும் என்று தென்னமட்டை எரித்து எங்கள் எல்லோருக்கும் அவர்தான் வெந்நீர் போடுவார். காட்டில் பயிருக்குச் சாம்பல் போட்டே பழகிய கை. ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு பிடி போட்டார். நான் சமையலறை ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

தினமும் போட்டார். இரண்டு மாதத்தில் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. சத்துப் போதவில்லை என்று நினைத்து இரண்டு பிடியாகப் போட்டார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய்ச் செடியைப் பார்த்துவிட்டு வருவார்.

“என்ன கொறைன்னே தெரியலையே அம்மிணி. ஒருவேளை எங்கையிதான் ஆகலையோ?”

அங்கே நான் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

“சில பேர் கைக்குச் சில செடி வராதுங்க நங்கையா. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?”

அவர் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் கைராசியைப் பற்றிப் பேசுவது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தேதான் பேசினேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த மாதக் கடைசியில் சாமராஜநகரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். அது ஒற்றை அறை வீடு, சமையல்கட்டில்தான் படுக்க வேண்டும். “இரு அக்கா” என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். நான் ஒரு முறையும் சொல்லவில்லை.

அவர் கிளம்பிப் போன அந்த வாரமே சாம்பல் மண்ணைச் சுரண்டி எறிந்தேன். சருகைப் பரப்பி, புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மழைக்காலம் முடிவதற்குள் பலாமரத்தடி முழுக்கப் பச்சை. கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. என் கணவர் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. நல்லா இருக்குது அம்மிணி, நல்லா இருக்குது என்று அவர் மனதாரச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் அவர் மகனுக்குக் குழந்தை பிறந்து, பார்க்கப் போயிருந்தோம். தொட்டிலில் குழந்தை அழுதது. நங்கையா பக்கத்திலேயே நின்றிருந்தும் தூக்கவில்லை.

“அத்தை இன்னும் ஒரு தடவகூடத் தூக்கலைங்க. எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டேன்” என்றாள் மருமகள்.

“எங்கையி வேண்டாம் சாமி. ஒரு செடியே எங்கையில தழையல, பச்சப் புள்ளையப் போயி…” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீ தூக்கு அம்மிணி. உன்ற கையி ராசியான கையி.”

கைகள் இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். சாம்பல்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருமகள் இருந்தாள், என் கணவர் இருந்தார். நான் குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.