உலர்ந்த உப்பில் அசைந்த ஊசி

ஈர மரத்தின் வாசனை... அந்த ஆய்வகத்தை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது. வெளியே கொச்சி மட்டாஞ்சேரியின் மழை. உள்ளே, காலையிலிருந்து மேசைமேல் திறந்தே கிடந்த உப்புக் கிண்ணம்.

கல்லூரியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலை. ப்ரீடிகிரி வகுப்பு. முந்தின நாள் வீட்டில் மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன்: சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. எதிரெதிர் மின்சுமை பெற்ற இரண்டு அயனிகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, வரிசையாக நின்று படிகமாகின்றன. நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது. ஆகவே உலர்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. நீரில் கரைந்தால் பிரிந்து நடமாடும்; மின்சாரத்தைச் சுமந்து செல்லும்.

மின்கலத்தோடும் மீட்டரோடும் இணைத்த இரண்டு கம்பிகளை உலர்ந்த உப்பில் செருகினோம். பள்ளுருத்தியிலிருந்து வரும் தமிழ் வீட்டுப் பெண் பிரேமா, மீட்டர்மேல் குனிந்தாள்.

"சாரே, ஊசி அனங்குது! லேசா... பாருங்க."

பார்த்தேன். அசைந்தது.

"இல்லை, பூஜ்யம்தான். எழுது" என்றேன்.

அவள் கண்டதையே எழுதினாள். நான் சிவப்பு மையால் அடித்தேன். மதிப்பெண்ணும் குறைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் உதவியாளர் சங்கரன் சேட்டன் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "இந்த மழைக்கு வீட்டுல பப்படமே நமுத்துப் போகுது. உப்பு மட்டும் விறைப்பா நிக்குமா சாரே?"

வறுத்து ஆறவைத்து மறுபடி பார்த்தோம். ஊசி அசையவில்லை. காற்றின் ஈரத்தில் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் எழுதியது சரி.

மறுநாள் சொல்லிவிட நினைத்தேன்... புது வாத்தியார், அத்தனை பேர் முன்னால்... அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் உப்புக் கரைசல். ஊசி துள்ளி ஏறியது. எல்லோரும் எழுதினார்கள். பிரேமா மட்டும் பென்சிலைப் பிடித்தபடி நின்றாள்.

"எவ்வளவுன்னு எழுதணும் சாரே?"

"தெரிவதை எழுதம்மா."

"அதில்ல சாரே... நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இப்போது கடை உப்பு காற்றுப் புகாத உறையில் வருகிறது. ஆனாலும் ஜூலையில் எங்கள் வீட்டு ஜாடி நீர் விடுகிறது. கரண்டி ஈரமாக வரும்போதெல்லாம் அந்தப் பென்சில்தான் கண்ணில் நிற்கிறது.

பிரேமாவுக்குத் தமிழைவிட மலையாளம்தான் சரளமாக வாசிக்க வரும். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துக் காட்டினால் நல்லது.

அன்று ஊசி அசைந்தது, பிரேமா. நானும் பார்த்தேன்.