டிக்கியில் இருந்த நீலக் கேன்

காலை ஐந்து மணிக்கு மாத்தளையிலிருந்து புறப்பட்டோம். போய்ச் சேர வேண்டியது கண்டி பெரியாஸ்பத்திரி. நேரே இறங்கினால் இருபத்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் நாங்கள் முதலில் எதிர்த்திசையில் மலையேறி எல்கடுவைக்குப் போய், அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் மச்சானை ஏற்றிக்கொண்டு, வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்க வேண்டும். மச்சான் என்றால் என் மனைவி சாந்தியின் அண்ணன் செல்வராஜ். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அவருக்குத் திகதி கிடைக்க எட்டு மாதமானது. எட்டரைக்குள் வார்டில் போய்ப் படுக்க வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். லயத்திலிருந்து வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களம் வரை நடக்கவே மூன்று இடத்தில் நிற்கிற மனிதருக்கு இன்னொரு எட்டு மாதம் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்ல விரும்பாத கணக்கு.

இந்தப் பயணமே என் வீம்பால் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின வாரம் மச்சான் தொலைபேசியில், "நீங்க ஏன் அலையிறீங்க? நிஸாம் நானா வண்டியில போய்க்கிறேன்" என்றார். அந்த நிஸாம் நானாவின் வண்டி நான்கு மாதத்துக்கு முன் என் வண்டி. பதினொரு வருடம் நான் ஓட்டிய டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம், எட்டுப் பேரும் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் கொழும்புக்குப் போன பிறகு எங்கள் இருவருக்கு எதற்கு இந்த யானை என்று அதை எல்கடுவைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நிஸாம் நானாவுக்கு விற்றுவிட்டு, ஆயிரம் சிசி டர்போ பெற்றோல் கார் ஒன்றை வாங்கினேன். சின்ன எஞ்சின், பழையதைவிட வேகம், புகை இல்லை, சத்தம் இல்லை. சாந்தியைத் தவிர எல்லோரும் பாராட்டினார்கள். ஆகவே மச்சான் அந்தப் பழைய வண்டியின் பெயரைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. நானே வருகிறேன், அவரிடம் வேண்டாமென்று சொல்லுங்கள் என்றேன்.

முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது சாந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெற்றோல் ஷெட்டில் பவுசர் லொறி வந்து எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது, அரை மணியாகும் என்றார்கள். காரின் எண்ணெய் முள் கால்வாசிக்குச் சற்றுக் கீழே நின்றது. பழைய வண்டியில் அந்தக் கால்வாசியோடு எல்கடுவைக்குப் போய் இறங்கி, வீட்டுக்கும் வந்து, மறுநாள் சந்தைக்கும் போயிருக்கிறேன். "போதும்" என்றேன். சாந்தி முள்ளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிப்பதில்லை.

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவு. முதலில் மிளகுக் கொடியும் கொக்கோவும், பிறகு இறப்பர், மேலே போகப் போகத் தேயிலை. பகலில் போகிறவர்களுக்கு அழகான பாதை. அன்று மழைத் தூறலும் பனிமூட்டமும் சேர்ந்து, விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். ஒரு வண்டியும் கால் வண்டியும் போகத்தான் இடமிருக்கும்.

பழைய டீசலை இரண்டாம் கியரில் போட்டுவிட்டால், காலை எடுத்தாலும் அது எருமை மாதிரி முக்கிக்கொண்டு ஏறும். இந்தப் புதியதன் குணம் வேறு. வளைவில் காலைத் தளர்த்தினால் டர்போ தூங்கிவிடும். மறுபடி மிதித்தால் ஒரு மூச்சு நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். மாத்தளைத் தெருவில் அது வேடிக்கை. கொண்டை ஊசி வளைவில் அதே குணம் ஆபத்து. நாலாவதோ ஐந்தாவதோ வளைவில், மேலிருந்து வந்த முதல் பஸ் எங்கள் முகத்துக்கு நேரே விளக்கடித்தது. இடப்பக்கம் ஒதுங்க ஒரு வெட்டு இருந்தது. மிதித்தேன், கார் யோசித்தது. இன்னும் அழுத்தினேன், ஒரே பாய்ச்சலில் வெட்டுக்குள் போய் மண்மேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பஸ் எங்கள் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு இறங்கிப் போனது. சாந்தியின் இரண்டு காலும் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தன. நான் அவளைப் பார்க்காமல், மடங்கிய கண்ணாடியை நிமிர்த்தித் துடைத்தேன்.

இந்தக் காரில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஓர் எண் எரியும். மாத்தளையில் எழுபதுக்கு மேல் காட்டியது, எல்கடுவைக் கடைவீதியில் இருபத்துநாலு என்றது. டர்போ மேட்டில் குடிக்கிற குடியை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைவீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் கல் ரோட்டில் அது பதினைந்தானது.

ஆறு மணி கழிந்து லயத்து வாசலில் நின்றோம். மச்சான் வெள்ளைச் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக, வெறும் வயிற்றோடு, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக் காத்திருந்தார். எங்கள் இருவருக்கு மட்டும் பிளேன்டீ வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கக் குடிக்க முடியவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். காருக்குள் குனிந்து ஏறுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் முன் இருக்கையில் முட்டியது. "நல்லா மெத்துனு இருக்குங்க மச்சான்" என்று எனக்காகச் சொன்னார்.

கடைவீதியில் நிஸாம் நானாவின் கடை அப்போதுதான் திறந்திருந்தது. பக்கத்தில் என் பழைய வண்டி கழுவித் துடைத்து நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வத்தேகமப் பாதையில் இரண்டு மேடு ஏறியதும் எண்ணெய் குறைந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த மேட்டில் அந்த எண் மறைந்து இரண்டு கோடுகள் வந்தன. இடையில் வேறு ஷெட் இல்லை, வத்தேகம ஷெட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. பின்னாலிருந்து மச்சான் மெதுவாக மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சத்தமில்லாத காரின் கெடுதல் அது, எல்லாம் கேட்கும். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பில் எனக்கு வியர்த்தது. அப்போதுதான் கேன் நினைவுக்கு வந்தது.

அந்தக் கேனைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எண்ணெய்க்காக நாங்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலருக்கு டிக்கியில் ஒரு கேன் எண்ணெய் இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஸ்பெயார் சில்லு என்கிற மாற்றுச் சக்கரம் இல்லாமல்கூடப் போவோம். வண்டியை நிஸாம் நானாவுக்குக் கொடுத்தபோது ஜாக்கி, சாவி, சீட் உறை, சாமி படம் ஒட்டிய முன் தட்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். ஐந்து லீற்றர் நீலக் கேனை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அதைத் தூக்கிப் புதுக் காரின் டிக்கியில் வைத்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு அது கேன், அவசரத்துக்கு இருப்பது, அவ்வளவுதான்.

ரோடு கொஞ்சம் அகன்ற இடத்தில் நிறுத்தி இறங்கினேன். வெட்டிய தண்ணீர்ப் போத்தலைப் புனலாக வைத்து ஊற்றினேன். காற்று என் முதுகுப் பக்கமாக அடித்தது, எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. பாதி போயிருக்கும், வத்தேகம வரை அது போதும். ஒரு கை காற்றில் பறந்த என் சால்வையைப் பிடிக்க, ஒரு கை கேனைப் பிடிக்க, வெற்றி பெற்றவன் மாதிரி இருந்தேன். கேனை மூடி வைத்துவிட்டு உள்ளே ஏறி, ஸ்டார்ட் பட்டனுக்கு விரலைக் கொண்டு போனேன்.

சாந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒங்க கையில பழைய வண்டி வாசம் அடிக்குது."

அந்தப் பதினொரு வருடமும் என் சட்டைகளைத் துவைத்தவள் அவள். கையை மூக்கருகே கொண்டு போனேன். டீசல்.

பெற்றோல் எஞ்சினுக்குள் டீசல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய்த் தாங்கியை முழுக்க வடிக்காமல் இனி அந்தக் காரை ஓட்ட முடியாது. ஆறே முக்கால் மணி, தூறல், சுற்றிலும் தேயிலை, எட்டு மாதத் திகதியோடு பின்னால் ஒரு மனிதர். என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மச்சான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். "நிஸாம் நானாவுக்கு அடி" என்றார்.

வேறு யாரையாவது பார்ப்போம், ஆட்டோ ஏதும் வரும் என்றேன். அந்த நேரத்திலும் அப்படிச் சொன்னேன். சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க ரோசத்த வீட்டுல போய்ப் பாத்துக்குவோம். இப்ப எங்க அண்ணன் போகணும்."

ஒரு கோடு சிக்னலில் இரண்டு தரம் அறுந்து மூன்றாம் தரம் கிடைத்தது. அடுத்த கால் மணி நேரம் என் வாழ்க்கையிலேயே மிக நீளமானது. மச்சான் கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்கினார். உதடு வெளுத்திருந்தது. சாந்தி அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டில் நின்று காது கொடுத்தேன். கடைசியில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஆயிரம் வண்டிக்குள் எனக்கு அது தெரியும், கடகடவென்று வரும் பழைய டீசல் சத்தம். விற்கும்போது நான் சலித்துக்கொண்ட அதே சத்தம். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

நிஸாம் நானா வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே வந்திருந்தார். விசாரணை ஒன்றுமில்லை. "அவசரப்பட வாணாம், மெல்ல ஏறுங்க" என்று மச்சானைக் கைத்தாங்கலாகப் பின் இருக்கையில் கால் நீட்ட வைத்தார். சாந்தி முன்னால் ஏறினாள். நான் காரைப் பூட்டிவிட்டு, கேனை என்ன செய்வதென்று தெரியாமல் கையோடு எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பதினொரு வருடத்தில் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கே இவ்வளவு குலுங்கும் என்று பிள்ளைகள் சொன்னபோது நம்பியதும் இல்லை.

வளைவுகளில் என் கை கியரைத் தேடியது. நிஸாம் நானா என்னைவிட நிதானமாக ஓட்டினார். வத்தேகம ஷெட்டைத் தாண்டும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீங்க நின்ன எடத்துக்குப் பொறகு இறக்கம்தானே. ஊத்தாம வந்திருந்தா அந்தக் காரு இங்கன வரைக்கும் வந்திருக்கும்" என்றார். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகாமல் குறுக்கே இறங்கியும் கண்டியில் பாடசாலை நெரிசல் பிடித்துக்கொண்டது. எட்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசல். தள்ளுநாற்காலியோடு நாங்கள் ஓட, வார்டில் தாதி மச்சானின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி, "இருக்கார்" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் மச்சான் என் கையைப் பிடித்தார். அவருக்கும் அந்த வாசம் தெரிந்திருக்கும்.

"நாளைக்கு என்னயக் கூட்டிட்டுப் போக எதுல வர்றீங்க?"

"நீங்க கால நீட்டிப் படுத்து வர்ற வண்டியில" என்றேன். மனிதர் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. ஓர் அடைப்பு இருந்தது, அதை அப்போதே திறந்துவிட்டார்கள், மறுநாள் வீட்டுக்குப் போகலாம். சாந்தி வாசல் படியில் உட்கார்ந்து அழுது முடித்தாள். நான் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனேன். நிஸாம் நானா மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து வண்டியில் சாய்ந்திருந்தார். காரை வத்தேகம கராஜுக்கு இழுத்து வந்து தாங்கியை வடிக்க ஆள் பேசிவிட்டதாகச் சொன்னார். கடைசி இருக்கையிலிருந்து நீலக் கேனை எடுத்தேன். வண்டியின் எண்ணெய் மூடி கொஞ்சம் தூக்கித் திருகினால்தான் திறக்கும், என் கை அதை மறக்கவில்லை. திறந்து, மீதி டீசலைச் சொட்டு விடாமல் ஊற்றிவிட்டு, கேனை அவரிடம் கொடுத்தேன்.

நிஸாம் நானா வெறும் கேனை என்னிடம் திருப்பி நீட்டினார். "இதக் கழுவிப் பெற்றோல் போட்டு வச்சிக்கோங்க" என்றார். வாங்கினேன், எனக்காக அல்ல. அவருடைய டிக்கியைத் திறந்து, பழைய இடத்தில், இடப்பக்க மூலையில் வைத்து மூடினேன். நான்கு மாதத்துக்கு முன் விற்ற வண்டியை அன்றைக்குத்தான் முழுதாகக் கொடுத்தேன்.