வெற்றிலைத் தட்டில் வந்த பணம்

அடுத்தவர் தொழில் பெயரில் இணைய முகவரியைச் சில நூறு ரூபாய்க்கு முன்கூட்டியே பதிந்து வைத்து, பிறகு அவருக்கே விற்பதுதான் என் தொழில். நாமக்கல் சாலையில் போகும் போர்வெல் ரிக் வண்டிகளின் நெற்றியில் எழுதிய பெயர்களைக் குறித்துக்கொள்வேன். அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

அப்படிப் பதிந்ததுதான் 'கவின்மொழி போர்வெல்ஸ்'. சில மாதங்களில் அதன் முதலாளி அழைத்தார். நாற்பதாயிரம் கேட்டேன். அவர் பேரமே பேசவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியில் என் அலுவலகத்துக்கே வந்தார். வெற்றிலை பாக்கு, பழத்தோடு பணத்தைத் தட்டில் வைத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எம் புள்ள பேருங்க. சும்மா வாங்கக்கூடாது. கண்டவன் கைக்குப் போகாம இத்தன நாளு பத்திரமா வெச்சிருந்தீங்க. நீங்க நல்லா இருக்கோணும் சாமி."

பக்கத்தில் நின்ற கவின்மொழியைப் பார்த்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். நான் செய்தது என்னவென்று அவளுக்குத் தெரியும் என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அப்பா படியிறங்கியதும் அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"அப்பாவுக்கு எப்பவும் தெரிய வேண்டாங்க. உங்களப் பத்தி ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருக்காரு. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டாருங்க."

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த வழியையும் அவள் அடைத்துவிட்டாள். அந்தத் தொழிலை அன்றோடு விட்டேன்.

அவரோ இன்னமும் இணைய முகவரி தேவைப்படும் தெரிந்தவர்களை என்னிடம் அனுப்புகிறார், நாணயமான ஆள் என்று சொல்லி.